பள்ளிக்கூடம் என்கிற புள்ளி
பேரிடர் வரைபடங்களை வாசித்தல்

1

கடலோர மாவட்டம் ஒன்றின் தலைநகரில் நடந்த பயிற்சிக் கூட்டம் அது. வருவாய்த்துறைக்காரர்கள், கல்வித்துறைக்காரர்கள், தொண்டு நிறுவனத்தார், பத்துப் பதினைந்து தலைமையாசிரியர்கள். நான் பார்வையாளனாகப் போயிருந்தேன். சுவரில் இரண்டு வரைபடங்களை ஒட்டியிருந்தார்கள். முதலாவதில் புயல், வெள்ள ஆபத்துள்ள அரசுப் பள்ளிகள் சிவப்புப் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருந்தன. இரண்டாவதில் புயல், வெள்ளக் காலத்தில் மக்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்க வேண்டிய இடங்கள் பச்சை முக்கோணங்களாக. இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை ஒருவர் எழுந்து கேட்டார்: “சார், எங்க ஸ்கூல் ரெண்டுலயும் இருக்கே. அன்னிக்கு நாங்க ஓடணுமா, இல்ல வர்றவங்கள உள்ள சேக்கணுமா?”

கூட்டம் சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்துவிட்டு, இரண்டு ‘லேயரும்’ வேறுவேறு துறைகளிலிருந்து வந்தவை, பிறகு சரிசெய்துவிடலாம் என்றார். தேநீர் வந்தது. பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அந்தக் கேள்வியை ஒரு தொழில்நுட்பப் பிழையைச் சுட்டிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்று படுகிறது. ஒரே கட்டடம் ஒரு தாளில் நோயாளியாகவும் இன்னொரு தாளில் மருத்துவமனையாகவும் இருக்கிறது. இரண்டு தாள்களிலும் அது வெறும் புள்ளிதான். உள்ளே யார் இருக்கிறார்கள், யார் வரலாம், யார் வர முடியாது, வருகிற வழி எது என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்குள் அடக்கம் பெற்றுவிடுகின்றன. காலநிலை மாற்றம் குறித்த சொல்லாடல்கள் பெருகிக் கிடக்கும் இன்றைய சூழலில், ‘பள்ளிகளுக்கும் அவற்றைச் சார்ந்த சமூகங்களுக்குமான ஆபத்து வரைபடம்’ என்பது எல்லோரும் ஒத்துக்கொள்ளும் நல்ல காரியமாக முன்வைக்கப்படுகிறது. நல்ல காரியம்தான். அதனாலேயே அதை ஒரு பிரதியாக எடுத்துவைத்து வாசித்துப் பார்ப்பது அவசியமாகிறது. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, யாரிடம் பேசுகிறது?

2

வரைபடம் உலகத்தின் கண்ணாடி அல்ல என்பது இப்போது புதிய செய்தி இல்லை. ஜே.பி. ஹார்லி 1989இல் வரைபடத்தைக் கட்டுடைப்பது பற்றி எழுதினார். வரைபடத்தின் மௌனங்களும் அதன் கோடுகளைப் போலவே அதிகாரத்தின் வேலைதான் என்பது அவர் வாதம். பெனடிக்ட் ஆண்டர்சன் தம்முடைய ‘கற்பிதம் செய்யப்பட்ட சமூகங்கள்’ நூலின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பில், காலனிய அரசு தன் ஆளுகைக்குட்பட்டவற்றைக் கற்பனை செய்துகொண்ட விதத்தை மக்கள்தொகைக் கணக்கு, வரைபடம், அருங்காட்சியகம் மூன்றையும் சேர்த்துவைத்துப் பேசினார். நமக்கு இது தூரத்துச் சங்கதியல்ல. இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களாக வெட்டி அளந்த பெரும் நில அளவை 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில்தான் தன் முதல் அடிக்கோட்டை இழுத்தது. லாம்டன் இழுத்த கோடு அது.

அந்த அளவை மரபிலிருந்து நம் கிராமங்களுக்குக் கிடைத்தவை வருவாய்த்துறையின் கிராம வரைபடமும் புலப்படமும். இன்றும் பட்டா மாறுதலுக்கு நாம் நாயாய் அலைவது இந்தத் தாள்களுக்காகத்தான். ஒரு புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். எல்லைக்கல் இருக்கும், கோணம் இருக்கும், நீள அகலம் இருக்கும், பக்கத்துப் புல எண் இருக்கும். மேடு எது, பள்ளம் எது என்பது மட்டும் இருக்காது. வரி வாங்குகிறவனுக்குப் பரப்பளவு போதும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையில்லை. தண்ணீருக்குள் நிற்கப் போகிறவனுக்குத்தான் அது தேவை. அவன் அந்தத் தாளை வரையவில்லை.

ஆனால் அதே வருவாய் ஆவணங்கள் வேறொன்றை மிகுந்த அக்கறையோடு பதிவுசெய்தன. குடியிருப்பு நிலத்தைக் கிராம நத்தம் என்றும் பறைச்சேரி நத்தம் என்றும் இரண்டாகப் பிரித்து எழுதின. ஆக, உயரத்தை அளக்காத அரசு சாதியை அளந்து வைத்தது. டெல்டாவில் நடந்து திரிந்தவர்களுக்குத் தெரியும்: பெரும்பாலான ஊர்களில் ஊர்த்தெரு மேட்டிலும் சேரி வயலை ஒட்டிய தாழ்விலும் இருக்கும். வெள்ளம் வந்தால் முதலில் எங்கே போகும் என்பதற்குத் தனியாக ஒரு வரைபடம் வேண்டியதில்லை, அந்த நத்தப் பதிவே போதும் என்று சொல்லத் தோன்றுகிறது.

சரி, இது பழைய கதை, இப்போது விண்ணிலிருந்து அளக்கிறார்களே என்று கேட்கலாம். உலகம் முழுக்க வெள்ள வரைபடங்களுக்கு அடித்தளமாகப் பயன்பட்டுவந்த உயரத் தரவு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று 11 நாள் சுற்றிவந்து ராடாரால் எடுத்தது. ராடார் தரையை மட்டும் பார்ப்பதில்லை. மரத்தின் தலையையும் கூரையையும் சேர்த்து உயரமாகப் படித்துவிடுகிறது. தட்டையான கடற்கரைகளில் இந்தப் பிழை சில மீட்டர் வரை போகும். இந்தப் பிழையைத் திருத்திக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. கடல்மட்ட உயர்வாலும் கரையோர வெள்ளத்தாலும் பாதிக்கப்படக்கூடியவர்களின் எண்ணிக்கை உலக அளவில் முன்பு நினைத்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது.

வேதாரண்யம் பக்கத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் மேலே இருக்கிற நிலம். அதன்மேல் தென்னந்தோப்பு. தோப்பின் தலையைத் தரை என்று எண்ணிய கருவிக்கு அந்த ஊர் மேட்டூர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் அந்தத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அதன் பிறகு அதே கருவியை வைத்து அளந்திருந்தால் ஊரே தாழ்ந்துபோனதாகக் காட்டியிருக்கும். தரை நகரவே இல்லை.

தெருப் பெயர்களில் மேடும் பள்ளமும் திடலும் படுகையும் பத்திரமாக இருக்கின்றன. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிற கடற்கரை மக்களிடம், எந்தக் காற்றில் எந்த முகத்துவாரம் அடைபடும் என்கிற அறிவு இருக்கிறது. இதை ‘மரபறிவு’ என்று பாராட்டிப் பின்னிணைப்பில் சேர்ப்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. வரைபடத்தின் உள்ளே அதற்கு இடமில்லை.

3

இந்தத் துறையினர் ஒரு சமன்பாட்டை வைத்திருக்கிறார்கள். இடர் என்பது மூன்று விஷயங்களின் கூட்டு: ஆபத்து, அதற்கு ஆட்பட்டிருத்தல், பாதிப்புறும் நிலை. புயல் என்பது ஆபத்து. புயல் வழியில் பள்ளிக்கூடம் இருப்பது ஆட்பட்டிருத்தல். பள்ளியின் ஓடு காற்றில் போகக்கூடியதாக இருப்பது பாதிப்புறும் நிலை. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2012இலிருந்து இந்தச் சட்டகத்தையே பயன்படுத்துகிறது. சும்மா சொல்லக்கூடாது, இது ஒரு முன்னேற்றம்தான். ‘இயற்கையின் சீற்றம்’ என்று வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக்கொண்டிருந்ததற்கு இது எவ்வளவோ மேல். இயற்கைப் பேரிடரிலிருந்து ‘இயற்கை’யை எடுத்துவிட வேண்டும் என்று ஓகீஃப், வெஸ்ட்கேட், விஸ்னர் மூவரும் 1976இலேயே எழுதினார்கள். அந்த வாதத்தின் தூரத்து வாரிசுதான் இந்தச் சமன்பாடு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூன்றாவது உறுப்பை வரைபடத்தில் ஏற்றும்போது. மத்திய அரசின் கட்டுமானப் பொருள்கள், தொழில்நுட்ப மேம்பாட்டுக் கவுன்சில் 1997இல் இந்தியாவுக்கான முதல் பாதிப்புநிலை நிலப்பட நூலைக் கொண்டுவந்தது. பிறகு 2006இலும் 2019இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. அதில் மாவட்டம்தான் அலகு. சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்கிற வீட்டுக் கணக்குதான் பாதிப்புநிலை. தமிழக அரசின் பட்டியல் இதைவிட நுணுக்கமானது. 2020இல் நிவர் புயலின்போது சொல்லப்பட்ட கணக்குப்படி மாநிலத்தில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இடங்கள் 4,133. இவற்றில் மிக அதிகம் பாதிக்கப்படக்கூடியவை 321, அதிகம் 797, மிதம் 1,096, குறைவு 1,919. நிர்வாகத்துக்கு இது உதவியாக இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆட்களை முன்கூட்டியே வெளியேற்ற முடிந்தது. கஜாவின்போதே எண்பதாயிரம் பேருக்கு மேல் புயல் கரையேறுமுன் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பழைய புயல்களின் சாவுக் கணக்கோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும்.

ஆனாலும் இந்த வகைப்பாட்டின் இலக்கணத்தைக் கவனியுங்கள். ‘பாதிக்கப்படக்கூடிய இடம்’. பாதிப்பு என்பது இடத்தின் குணமாகிவிடுகிறது, மண்ணின் நிறம்போல. யார் பாதிப்புக்குள்ளாக்கினார்கள் என்கிற எழுவாய் அந்த வாக்கியத்தில் கிடையாது. 2019 டிசம்பர் 2ஆம் தேதி மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்துக் குடியிருப்பின் மீது விழுந்து 17 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தலித்துகள். தீண்டாமைச் சுவர் என்று அப்பகுதி மக்கள் அதைச் சொன்னார்கள். ஒரு ஆபத்து வரைபடம் அந்த இடத்தில் என்ன எழுதும்? கனமழை, தாழ்வான வீடுகள், பாதிப்புநிலை அதிகம். மூன்றும் உண்மை. ஆனால் சுவர்?

உல்ரிச் பெக் 1986இல் ‘இடர்ச் சமூகம்’ என்கிற கருத்தாக்கத்தை முன்வைத்தபோது, நவீன ஆபத்துகள் பழைய வர்க்க எல்லைகளைத் தாண்டி எல்லோரையும் தொடும் என்கிற தொனி அதில் இருந்தது. ஜெர்மனியில் செர்னோபில் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. நடூரிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. மழை எல்லோர் மீதும்தான் பெய்தது. சுவர் ஒரு பக்கமாகத்தான் விழுந்தது.

கஜாவுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கத்தில், உப்பளத்துக்குக் கூலிக்குப் போகும் வயதான அம்மா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். புயலன்று ஏன் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்று, கூட்டத்தில் கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டேன். “பள்ளிக்கூடமா தம்பி? தொறந்திருந்தாத்தானே போறதுக்கு. சாவி பெரிய தெருவுல இருந்துச்சு. ராத்திரி அந்தக் காத்துல யாரு போயி கேக்குறது? கேட்டாத்தான் என்ன... சரி வுடுங்க.” அவர் விட்டுவிட்ட அந்த வாக்கியத்தை நான் இட்டுநிரப்ப வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில் தலித்துகளும் பழங்குடியினரும் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது 2005இலேயே ஆவணமாகிவிட்ட விஷயம். அந்த அம்மா வாழும் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்கு எத்தனை மீட்டர் என்பது வரைபடத்தில் துல்லியமாக இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்குக் குறியீடு இல்லை.

4

பள்ளிக்கூடத்தைக் கட்டடமாகவே பார்க்கிற பார்வை எங்கிருந்து வந்தது? 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகியபோது நாம் கூரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். அந்த வழியில் வந்த வழக்கொன்றில் 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையையும் உள்ளடக்கியது என்று தீர்ப்பளித்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் 2016இல் வந்தன. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்க ஆணை பிறந்தது. ஒவ்வொரு முறையும் சாவு வந்துதான் கட்டடம் நம் கண்ணில் படுகிறது. ஆக, கட்டடத்தைப் பார்ப்பது தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போதாது என்பதே என் வாதம்.

நம் ஊரில் பள்ளிக்கூடம் என்பது சோறும்தான். 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டதிலிருந்து மதியச் சாப்பாடு, 2022இலிருந்து தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. பள்ளியை மூடினால் அடுப்பும் அணைகிறது. 2023இல் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பை ஜூன் 1இலிருந்து 7க்கும் பிறகு 12க்கும் தள்ளினார்கள். 2024இல் 6இலிருந்து 10க்கு. சரியான முடிவு என்றே எடுத்துக்கொள்வோம். அந்த நாட்களில் வேலைக்குப் போகிற தாயின் பிள்ளை எங்கே இருந்தது, தகரக் கூரையின் கீழா, செங்கல் சூளையிலா, என்ன சாப்பிட்டது என்கிற கேள்வி எந்த இடர்க் கணக்கிலும் வருவதில்லை. பள்ளி மூடியாகிவிட்டது, எனவே பள்ளிக்கு ஆபத்தில்லை.

வெப்பத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புயலுக்குப் பாதை இருக்கிறது, வெள்ளத்துக்கு எல்லை இருக்கிறது, இரண்டையும் கோடு போட்டுக் காட்டலாம். வெப்பத்தை அப்படிக் காட்ட முடிவதில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வானிலைத் துறையின் கணக்கில் சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி தொட்ட பிறகே வெப்ப அலை பற்றிய பேச்சு தொடங்கும். அந்த வெப்பமானி திறந்த வெளியில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பறையில் வெப்பமானி கிடையாது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 85 நாடுகளில் 24 கோடியே 20 லட்சம் மாணவர்களின் படிப்பு காலநிலை நிகழ்வுகளால் தடைபட்டதாக யுனிசெஃப் கணக்கிட்டது. அதில் வெப்ப அலைக்குத்தான் பெரும்பங்கு. வரைபடத்தில் ஆகக் குறைவாக இடம்பெறுவதும் அதுதான்.

இன்னொன்று. ஒரே பள்ளி எத்தனை துறைகளுக்குச் சொந்தம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பாடம் பள்ளிக்கல்வித் துறை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடப் பராமரிப்பு ஊரக வளர்ச்சித் துறை. சத்துணவும் பக்கத்து அங்கன்வாடியும் சமூகநலத் துறை. சேரியில் இருப்பது ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் அது தனித் துறை. புயல் முகாமாக மாறிய அன்று வருவாய்த் துறை. முகாம் முடிந்து போகும்போது உடைந்த பெஞ்சும் அடைத்த கழிப்பறையும் யாருடையவை என்று கேட்டால், எல்லாத் துறையும் இன்னொரு துறையைக் கைகாட்டும். நாம் முதலில் பார்த்த தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தது இந்த இடத்தில்தான். அவர் பள்ளிக்கு 11 இலக்கக் குறியீட்டு எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தட்டினால் கரும்பலகையிலிருந்து கைகழுவும் குழாய் வரை கணக்கு வரும். புயலன்று இரவு அவர் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதற்கு அதில் விடை இல்லை.

5

வரைபடம் தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து என்ன செய்வார்கள்? இங்கேதான் அச்சம் தொடங்குகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் சுற்றுப்புறமும் மூழ்கின. பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன, அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போயிற்று. வெள்ளம் வடிந்ததும் ஆற்றங்கரைக் குடிசைகள் ஆபத்தான இடங்கள் என்று அடையாளப்படுத்தப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டன. அந்தக் குடியிருப்புகள் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. அதாவது வெள்ளத்திலிருந்து மீட்டு வெள்ளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கல்வியாண்டின் நடுவில் நடந்த இந்தப் பெயர்ப்பில் பிள்ளைகள் பலர் பள்ளியை விட்டார்கள். சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்ட அதே சதுப்பு நிலத்தைச் சுற்றி எழுந்த கணினி நிறுவனக் கட்டடங்களை யாரும் பெயர்த்துக் கொண்டுபோகவில்லை. ‘ஆபத்து’ என்கிற சொல் எளியவனிடம் வரும்போது ‘வெளியேறு’ என்று பொருள்படுகிறது. வசதியுள்ளவனிடம் போகும்போது ‘வடிகால் கட்டித் தருகிறோம்’ என்று பொருள்படுகிறது.

கடற்கரையில் நடந்ததும் இதன் மறுபக்கம்தான். 2011ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, ‘ஆபத்துக் கோடு’ ஒன்றை வரைந்து அதைக் கட்டுப்பாட்டு எல்லையோடு பிணைத்தது. கோடு வரைந்தும் ஆயிற்று. 2019 அறிவிக்கை வந்தபோது, அந்தக் கோடு பேரிடர்த் திட்டமிடலுக்கான கருவி மட்டும்தான், ஒழுங்காற்று எல்லை அல்ல என்று ஆகிவிட்டது. கோடு இருக்கிறது, பல்லில்லை. முதலீட்டைத் தடுக்க நேர்ந்தபோது கோடு வெறும் தகவலாயிற்று. குடிசையை அகற்ற நேர்ந்தபோது ஆற்றங்கரைக் கோடு சட்டமாயிற்று. ஒரே அறிவியல், இரண்டு அரசியல்.

பள்ளி வரைபடத்துக்கும் இது நேரலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை மூடுவது, இணைப்பது என்கிற பேச்சு தொடர்ந்து வந்துகொண்டிருக்கிற காலத்தில், ‘ஆபத்தான பள்ளி’ என்கிற சிவப்புப் புள்ளி ஒரு நல்ல சாக்கு. எந்தப் பள்ளிகள் அவை? கடற்கரைக் குப்பத்தில், உப்பளத்துக்குப் பக்கத்தில், ஏரிப் புறம்போக்கில், சேரியில் இருப்பவை. ஊருக்குள் மேட்டில் ‘பாதுகாப்பான’ பள்ளி ஒன்று இருக்கும். ஒன்றரைக் கிலோமீட்டர்தானே, பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள் என்பார்கள். அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பது நமக்குத் தெரியும்.

6

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆகவே வரைபடம் என்பதே அதிகாரத்தின் கருவி, நிராகரிப்போம் என்று முடிப்பது சுலபம். நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அது பழகிய முடிவும்கூட. ஃபூக்கோவை மேற்கோள் காட்டிவிட்டு மாடி வீட்டில் உட்கார்ந்து மழையை ரசிக்கலாம். இதில் எனக்கு உடன்பாடில்லை. சுனாமிக்குப் பின் குடும்ப அட்டை இல்லாத, சாதிச் சான்றிதழ் இல்லாத இருளர்கள் பட்டது, எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள் படும் பாடு. கண்காணிக்கப்படுவது ஒரு வன்முறை என்றால், எந்தக் கணக்கிலும் வராமல் சாவது அதைவிடப் பெரிய வன்முறை. வரைபடத்தில் இடம் கேட்பதும் வரைபடத்தைச் சந்தேகிப்பதும் ஒரே நேரத்தில் செய்யவேண்டிய வேலைகள்.

‘மக்கள் பங்கேற்பு’ என்று உடனே பதில் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொண்டு நிறுவனங்கள் கிராமத்துத் தரையில் கோலப்பொடியால் வரைபடம் போடவைத்த காலத்தை நம்மில் சிலர் பார்த்திருக்கிறோம். பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று பெயர். தொடங்கியபோது அதில் ஒரு புதுமை இருந்தது. உலக வங்கி கையிலெடுத்த பிறகு அது சடங்காயிற்று. எங்கே வரைந்தார்கள் என்று பார்த்தாலே போதும். ஊர்க் கோயில் முன்னால் வரைந்தால் சேரியிலிருந்து யார் வந்து பொடி தூவுவார்கள்? தரையில் போட்ட கோலத்தைப் படமெடுத்துக்கொண்டு அறிக்கை நகரத்துக்குப் போனது. கோலம் அங்கேயே அழிந்தது. ‘சமூகம்’ என்று ஒருமையில் சொல்லும்போதே பொய் தொடங்கிவிடுகிறது. பள்ளியைச் சுற்றி இருப்பது ஒரு சமூகம் அல்ல, தெருக்கள்.

அப்படியானால் என்ன கேட்கலாம்? பெரிய கோட்பாடு எதுவும் என்னிடம் இல்லை. சில நடைமுறைகளைச் சொல்ல முடியும்.

ஒன்று: பள்ளியின் ஆபத்து வரைபடம் தமிழில், அந்தப் பள்ளியின் சுவரிலேயே தொங்க வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டங்கள் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியவை. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆட்சியர் அலுவலகத்தோடு நின்றுவிடுகின்றன. வாக்காளர் பட்டியலுக்கு வரைவு, ஆட்சேபணை, திருத்தம் என்று மூன்று கட்டம் இருப்பதுபோல இதற்கும் வேண்டும். என் தெரு இதில் இல்லை என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு அதிகாரி இருக்க வேண்டும்.

இரண்டு: இதற்கு மன்றம் புதிதாகத் தேட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் விகிதப்படி இடம் இருக்கிறது. ஊராட்சியைவிட, ஊர்க் கூட்டத்தைவிட இது பரவாயில்லை. காகிதத்தில் மட்டும் இருந்தால், காகிதத்தைக் காட்டியே கேட்கலாம். அரசு ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிற கட்டடம் தொடக்கப் பள்ளிதான். மக்கள் அரசைக் கேள்வி கேட்பதற்கு அதைவிடப் பக்கத்தில் வேறு இடமில்லை.

மூன்று: வரைபடத்தில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டிய விவரங்கள் சில உண்டு. இரவில் சாவி யாரிடம், மாற்றுச் சாவி எந்தத் தெருவில்? சேரியிலிருந்து முகாமுக்கு வரும் வழியில் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும்? முகாம் எத்தனை நாள், எந்த வகுப்பறை பாடத்துக்கு விடப்படும்? பள்ளி மூடியிருக்கும் நாட்களில் சோறு எங்கே? வகுப்பறைக்குள் மதியம் இரண்டு மணிக்கு வெப்பம் எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு ஒரு சாதாரண வெப்பமானியும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் நோட்டும் போதும்.

நான்கு: சிவப்புப் புள்ளியைக் காரணம் காட்டிப் பள்ளியை மூடவோ குடியிருப்பை அகற்றவோ கூடாது என்பது வரைபடத்தோடு சேர்ந்த விதியாக எழுதப்பட வேண்டும். ஆபத்து என்று அரசு கண்டுபிடித்தால் கட்டடத்தை உயர்த்துவது, பலப்படுத்துவது அரசின் கடமை. பெற்றோர் ஒப்புக்கொண்டு, அதே தெருவுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்த பிறகே பழையது மூடப்படலாம்.

இதெல்லாம் நடந்துவிட்டால் சாதி போய்விடுமா, கடல் உள்ளே வராதா என்றால் இல்லை. நாளைக்கே சாவி இரண்டாம் தெருவுக்கு வந்தாலும், அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறவர்கள் எந்த அறையில் படுக்கலாம் என்கிற சண்டை மிச்சமிருக்கும். அந்தச் சண்டை புயலன்று இரவில் நடப்பதைவிட, ஜூன் மாதத்தில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், சுவரில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நடப்பது மேல் என்று நினைக்கிறேன்.

அந்தத் தலைமையாசிரியையிடம் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று கேட்டேன். “எங்க சார்... போன தடவ நாங்க தெறந்துதான் விட்டோம். அவங்களும் எங்க புள்ளைங்களோட அம்மா அப்பாதானே. மேல ஓடு பறந்துச்சு. எல்லாரும் கீழ மேசைக்கு அடியில உக்காந்திருந்தோம்” என்றார். பேருந்து வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். அவர் பள்ளியின் ஓட்டை மாற்றிவிட்டார்களா என்று கேட்க மறந்துபோனேன்.